ஆதன் அப்பா

என் மகன் பெயர் ஆதன். முதல் தடவை கேட்கிறவர்கள் பெரும்பாலும் "ஆதவனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இல்லை, ஆதன் என்றால் "ஆதாமா?" என்பார்கள். தடுப்பூசி அட்டையில் ஆதித்யன் என்று எழுதிக் கொடுத்ததும் உண்டு. பெயர் ஒருவழியாகச் சரியாகக் காதில் விழுந்த பிறகு எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்படின்னா என்ன அர்த்தம்?"

வாசலில் நின்றபடி ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பெயருக்கு எது அர்த்தம் இல்லை என்று சொல்லிவிடலாம். குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடும் இணையதளங்கள் ஆதனுக்குச் சூரியன் என்று பொருள் போடுகின்றன. சில 'முதல்வன்' என்கின்றன. சூரியன் என்ற பொருள் ஆதவனுக்கு உரியது. ஆதவம் என்றால் வெயில். வடமொழி ஆதபம் தமிழில் அப்படி ஆனது. முதல்வன் என்பது ஆதியிலிருந்து வந்திருக்க வேண்டும். ஓசை கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பதற்காக ஆதனையும் இழுத்து அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அகராதியைப் புரட்டினால் இன்னும் சங்கடம். உயிர் என்றும் சமணக் கடவுளான அருகன் என்றும் ஆதனுக்குப் பொருள் தருவார்கள். அதே மூச்சில் அறிவில்லாதவன், குருடன் என்றும் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்தவர் என் மாமனார். மகன் பிறந்து பெயர் வைப்பதற்கு முன், தன் பழைய அகராதியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, ஊர்ல இல்லாத பேரா வைக்கணும்னீங்க, சரின்னேன். இதுல குருடன்னுல்ல போட்டிருக்கு?"

அவர் கவலை நியாயமானது. முதல் பேரனுக்கு வைக்கிற பெயர். நான் சொன்ன பதில் இது: அந்தப் பொருளெல்லாம் நிகண்டுகள் என்ற பழைய சொற்பொருள் நூல்கள் வழியாக வந்தது. நிகண்டுகள் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆதன்கள் பிறந்து, ஆண்டு, பாட்டுப் பெற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூடன், குருடன் என்ற பொருளில் அந்தச் சொல் அன்றைக்கு வழங்கியிருந்தால் சேர மன்னர்கள் அதைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டிருப்பார்களா? புலவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வாழ்த்தியிருப்பார்களா? மாமா அகராதியை மூடி வைத்தார். மனசு முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை.

என் எண்ணம் இதுதான். இப்படிப்பட்ட பழம்பெயரிடம் போய் உனக்கு என்ன அர்த்தம் என்று கேட்பதைவிட, உன்னை யார் யார் வைத்திருந்தார்கள் என்று கேட்பது பலன் தரும். ஆதன் அந்தக் கேள்விக்கு நிறையப் பதில் வைத்திருக்கிறான்.

அரசர்களிடமிருந்தே தொடங்கலாம். பதிற்றுப்பத்து, சேர மன்னர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடும் சங்க நூல். அதில் இரண்டாம் பத்தின் தலைவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். 58 ஆண்டு ஆண்டான் என்று அதன் பதிகம் சொல்கிறது. ஆறாம் பத்துக்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண்புலவர் அவனைப் பாடினார். ஏழாம் பத்துக்குச் செல்வக் கடுங்கோ வாழியாதன், பாடியவர் கபிலர். பதிற்றுப்பத்துக்கு வெளியே பெருஞ்சேரலாதன் இருக்கிறான். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று, முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் இருந்து, உயிர்விட்டவன் அவன். சேரல் ஆதன்தான் சேரலாதன். இந்தப் பெயர் மட்டும் இன்றைக்கும் ஆங்காங்கே புழக்கத்தில் இருக்கிறது. அதற்குள் ஓர் ஆதன் உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

இவர்கள் எல்லாம் ஏட்டில் இருந்த ஆதன்கள். கல்லில் ஓர் ஆதன் இருக்கிறான். கரூருக்குப் பக்கத்தில் புகளூர், வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயில். போகிற வழியில் பாறைக் குகைத்தளமும் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளும் இருக்கின்றன. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற முதிய சமணத் துறவி தங்குவதற்காக வெட்டிய இடம். வெட்டிக் கொடுத்தது யார், எந்தச் சந்தர்ப்பத்தில் என்பதைத் தமிழி எழுத்தில், அதாவது தமிழுக்கான பழைய பிராமி எழுத்தில், பொறித்திருக்கிறார்கள்: "கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்." தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வாக்கியத்தில். பேரன் இளவரசன் ஆனபோது வெட்டிய கல். பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளில் வரும் சேர மன்னர்கள் இந்த மூவரும்தான் என்று அறிஞர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். ஏழாம் பத்தின் வாழியாதன்தான் இந்தக் கோ ஆதன்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் ஆதன் ராஜா வீட்டுப் பெயர் என்று தோன்றும். நானும் இதோடு நிறுத்திக்கொண்டு "சேர மன்னர்கள் பெயர்ங்க" என்று பெருமையாகச் சொல்லிவிடலாம். பல பேருக்கு அது போதும். எனக்கும் என் மனைவிக்கும் இந்தப் பெயர் பிடித்துப்போனதற்குக் காரணம் ராஜாக்கள் இல்லை.

2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடி நான்காம் கட்ட அகழாய்வு அறிக்கையை வெளியிட்டது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று வந்த செய்திதான் அன்றைக்குப் பெரிதாகப் பேசப்பட்டது. அந்த அறிக்கையில் தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளும் இருந்தன. குவிரன், ஆதன் என்ற பெயர்கள் அவற்றில் இருந்தன. என் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். நாளிதழில் வந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "ஆதன்னு கூப்பிட்டா நல்லா இருக்குல்ல?" என்றாள். அவ்வளவுதான். அதற்கு முன் நாங்கள் எழுதி வைத்திருந்த பட்டியல் அன்றோடு முடிந்தது.

ஒரு பானை ஓட்டில் இருக்கும் ஆதன் எந்த நாட்டையும் ஆண்டவன் இல்லை. அது அவன் வீட்டுப் பானை, அல்லது அவன் கடைப் பானை. சுட்ட பானையின் தோள்பகுதியில் கூர்மையான எதையோ வைத்துத் தன் பெயரைக் கீறியிருக்கிறான். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறோமே, அதைத்தான் செய்திருக்கிறான். கல்யாணச் சீர் வாங்கும்போது பாத்திரக் கடைக்காரர் "பேர் வெட்டணுமா?" என்று கேட்டு, துண்டுச்சீட்டில் இனிஷியலோடு எழுதித் தரச் சொல்வார். எங்கள் அம்மாச்சியின் தூக்குவாளியில் புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய பெயர் இருக்கும். பித்தளைக் குடத்தில் ஒரு பெயர், அண்டாவில் வேறொரு பெயர். விசேஷ வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பாத்திரம் அந்தப் பெயரை வைத்துத்தான் வீடு திரும்பும். கீழடி ஆதனுக்கும் அப்படி ஏதோ ஒரு தேவை இருந்திருக்கும். இன்னாருடையது என்று தெரியவேண்டும், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சுற்றிலும் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால்தான் பெயரைக் கீறுவதில் அர்த்தம் உண்டு.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்த பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு போனோம். போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் அவன் பெயரைத் தமிழியில் எழுதிக் காட்டியிருந்தேன். 'த' எழுத்துதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கோடு மேலிருந்து இறங்கி, கீழே இரண்டு காலாகப் பிரியும். நிற்கிற ஆள் மாதிரியே இருக்கும். கடைசி எழுத்தைப் பற்றி அவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு செய்தி இருந்தது. பிராகிருதம் எழுதிய பிராமியில் 'ன' கிடையாது. ழ, ள, ற, ன நான்கும் தமிழ் ஒலிகளுக்காக ஏற்படுத்திக்கொண்ட எழுத்துகள். இந்தப் பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்றால் அந்த எழுத்து வேண்டியிருந்தது. சின்னப் பையனுக்கு இதெல்லாம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கீறல்களில் இரண்டு கால் எழுத்தைத் தேடுவதில் மும்முரமாக இருந்தான்.

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த ஓடுகளிலும் ஆதன் கிடைக்கிறான். இப்படிக் கிடைக்கும் பெயர்களில் பல இரட்டைப் பெயர்கள். முதலில் வருவது அப்பா பெயர், அடுத்தது தன் பெயர். சங்கப் பாடல்களிலும் இதே வழக்கம்தான். மருதன் இளநாகன் என்றால் மருதன் மகன் இளநாகன். கொல்லிமலை வல்வில் ஓரியைப் புறநானூறு 153 ஆதன் ஓரி என்கிறது. ஆதன் மகன் ஓரி. ஆக, ஓரியின் அப்பாவும் ஆதன். கடையெழு வள்ளல்களில் ஒருவனைப் பெற்றவன், அந்தப் பெற்ற பெருமையோடு ஒரே சொல்லில் நின்றுவிட்டான். குடும்பப் பெயர், சாதிப் பெயர் எதுவும் ஒட்டாமல் அப்பா பெயரை முன்னால் போட்டு நம் பெயரை எழுதும் பழக்கம் நமக்கு இன்றைக்கும் இருக்கிறது. அதை முதல் எழுத்தாகச் சுருக்கிக்கொண்டது மட்டும்தான் நாம் செய்த மாற்றம்.

இனி வருவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பகுதி.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், இயற்பெயருக்குப் பின்னால் 'தந்தை' என்ற சொல் வந்தால் இரண்டும் எப்படிச் சேரும் என்று ஒரு விதி இருக்கிறது. சாத்தனுக்குத் தந்தை என்றால் சாத்தந்தை. கொற்றனுக்குத் தந்தை என்றால் கொற்றந்தை. இலக்கணத்தில் ஒரு சின்ன மூலை இது. ஆனால் ஊரில் ஒருவனை அவன் பிள்ளை பெயரைச் சொல்லி, இன்னானுக்கு அப்பா என்று கூப்பிடும் வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்திருந்தால் அதற்கென்று ஒரு விதி எழுதியிருப்பார்! அதற்கடுத்து இரண்டு பெயர்களை மட்டும் தனியாக எடுத்துச் சொல்கிறார்: "ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு பெயரொற்று அகரம் துவரக் கெடுமே." இந்த இரண்டு பெயரும் இன்னும் அதிகமாகச் சுருங்கும் என்கிறார். பூதனுக்குத் தந்தை பூந்தை. ஆதனுக்குத் தந்தை ஆந்தை.

ஒரு பெயர் இந்த அளவுக்குத் தேய வேண்டுமென்றால் அது நாள்தோறும் ஆயிரம் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா எல்லாம் பேச்சில் எப்படித் தேய்கின்றன என்று நமக்கே தெரியும். அரிதாக வழங்கும் சொல் தேயாது. ஆதன் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர் என்பதற்கு இந்தச் சூத்திரத்தைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

ஆந்தை என்றதும் சிலருக்கு எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். பிசிராந்தையார். பள்ளிக்கூடத்தில் பிசிராந்தையார் என்று ஒரே மூச்சில் படித்து மனப்பாடம் செய்த பெயர். பிசிர் என்பது பாண்டிய நாட்டில் ஓர் ஊர். அந்த ஊர் ஆந்தை. இரவில் அலறும் பறவைக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. பிசிர் ஊரில் ஆதன் என்ற பையனுடைய அப்பா, அவ்வளவுதான். சிறைக்குடி ஆந்தையார், அஞ்சில் ஆந்தையார், ஐங்குறுநூற்றில் பாலை பாடிய ஓதலாந்தையார் என்று இன்னும் சில ஆந்தையார்களும் உண்டு.

பிசிராந்தையாரின் கதை தெரிந்ததுதான். உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டில் இவர். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அன்னச் சேவலைத் தூதாக விடுவது போல இவர் பாடிய புறநானூறு 67ஆம் பாட்டில், சோழன் காதில் விழும்படி "இரும்பிசிர் ஆந்தை அடியுறை", அதாவது பிசிர் ஆந்தையின் அடியில் இருப்பவன் நான், என்று சொல் என்கிறார். தன் பெயரைத் தானே சொல்கிற இடம். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை, ஆதன் அப்பா என்றுதான் சொல்கிறார். பிள்ளைகளோடு பகை மூண்டு, சோழன் வடக்கிருக்க உட்கார்ந்தபோது, சுற்றி இருந்தவர்களுக்குப் பிசிராந்தை வருவார் என்ற நம்பிக்கை இல்லை. சோழனுக்கு இருந்தது. 216ஆம் பாட்டில் அவன் சொல்கிறான்: அவன் இனியவன், இறுகிய நட்புடையவன், தன் பெயரைச் சொல்லும்போது "என் பெயர் பேதைச் சோழன்" என்று சொல்கிற அளவுக்கு என்மேல் அன்பு கொண்டவன், இந்த நேரத்தில் அங்கே நிற்கமாட்டான், இப்போதே வருவான், அவனுக்கு இடம் ஒதுக்கி வையுங்கள். வந்தார்.

இந்தப் பாட்டை நான் முன்பு நட்புக்காகப் படித்தேன். இப்போது பெயருக்காகவும் படிக்கிறேன். இந்த மனிதருக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் நமக்கு வந்து சேரவே இல்லை. ஊருக்கு அவர் மகன் பெயரால் தெரிந்தார். கேட்டால் நண்பன் பெயரைத் தன் பெயராகச் சொன்னார். இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு 191ஆம் பாட்டில் அவர் சொன்ன பதிலில் முதலில் நிற்பது வீடுதான்: "மாண்டஎன் மனைவியொடு மக்களும் நிரம்பினர்." மனைவி மாண்புடையவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான் ஆதன் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அவன் என்ன செய்தான், எங்கே போனான் என்று ஒரு வரிகூட இல்லை. அப்பாவுக்கு நரைக்காமல் பார்த்துக்கொண்டான் என்பது மட்டும் இருக்கிறது.

மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு என் பெயரும் காணாமல் போய்விட்டது. வேன் டிரைவர் போனில் நான் "ஆதன் அப்பா". பள்ளி வாட்ஸ்அப் குழுவில் என் மனைவி "ஆதன் அம்மா". கீழ்வீட்டு அக்கா தண்ணி லாரி வந்துவிட்டது என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பதும் "ஆதன் அப்பா..." என்றுதான். ஒவ்வொரு முறை அந்தக் குரல் வரும்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எத்தனையோ பேருக்கு இருந்து, இலக்கணத்தில் ஏறி, பிறகு வழக்கொழிந்துபோன ஓர் உறவுப் பெயரை இந்தத் தெரு தன்னையறியாமல் திரும்பக் கூப்பிடுகிறது. பழைய சந்தி விதிப்படி நான் ஓர் ஆந்தை.

இவ்வளவு புழங்கிய பெயர் எப்படி இல்லாமல் போனது? பெரிய காரணம் பக்தி இயக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. சிவனும் திருமாலும் ஊர் ஊராக வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சாமி பெயர் வைப்பது பெருகியது. கொற்றன், பூதன், கீரன், ஆதன் எல்லாம் பின்னுக்குப் போயின. சாத்தன் அய்யனாரின் பழம்பெயராகவும் இருந்ததால் கொஞ்சம் தாக்குப்பிடித்தான். இன்றைக்கு அவனை எடுத்து வைக்கவும் வழியில்லை. எங்கள் குலசாமி அய்யனார். அந்த வகையில் சாத்தன் என்று வைக்கலாமா என்று நாங்களும் யோசித்தோம். கேட்ட எல்லாருக்கும் காதில் சாத்தான் என்று விழுந்தது. தொல்காப்பிய உரையில் தொட்டதற்கெல்லாம் எடுத்துக்காட்டாக வந்து நிற்கும் பெயர் அது. பைபிள் மொழிபெயர்ப்பில் வந்த ஒரு சொல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சங்கப் பெயர்கள் திரும்பி வந்த கதை வேறு. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1903இல் ஐங்குறுநூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் அச்சிட்டார். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கினார். அப்புறம் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். வீட்டுக்கு வீடு இளங்கோ, செழியன், கபிலன், பாரி. அந்த அலை நமக்குச் செய்த நன்மை பெரிது. ஆனால் அது எடுத்து வந்தவை பெரும்பாலும் முடிசூடியவர்கள் பெயரும் பாடியவர்கள் பெயரும்தான். தனி ஆதன், குவிரன், அழிசி போன்றவர்கள் ஏட்டிலேயே தங்கிவிட்டார்கள். மண்ணைத் தோண்டித்தான் அவர்களை எடுக்கவேண்டி இருந்தது.

ஊர்ப் பெயர்களில் ஆதன் விட்டுப்போன தடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியபுராணத்தில் நந்தனாரின் ஊர் ஆதனூர். சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஆண்டளக்கும் ஐயன் கோயில் கொண்டிருக்கும் திவ்யதேசமும் ஆதனூர்தான். அங்கே காமதேனு தவமிருந்ததால் ஆ, தன், ஊர் என்று பிரித்து ஒரு தலபுராணம் சொல்வார்கள். முந்திரிக்குப் பேர்போன ஆதனக்கோட்டை புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது. ஒருமுறை அங்கே வண்டியை நிறுத்தி வறுத்த முந்திரி வாங்கியபோது, ஊர்ப் பலகையைப் படித்துவிட்டு மகன் ரொம்ப நேரம் தன் ஊர் என்றே பேசிக்கொண்டு வந்தான். நான் மறுக்கவில்லை.

வீட்டில் பெயர் ஏறிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குத் தாத்தா பெயரை வைக்கவேண்டும். பேரன் என்றாலே பெயரன், தாத்தா பெயரைச் சுமப்பவன்தானே என்பது அவர் கட்சி. அதனால் தொட்டிலில் போட்ட அன்று, காதில் மூன்று முறை சொன்ன பெயர் என் அப்பாவுடையது. ஊர் கூப்பிடுவதற்கும் பதிவதற்கும் ஆதன். அம்மா சமாதானம் ஆனார். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஆதவன் என்று அச்சாகி வந்தது. திருத்தி வாங்கச் சில மாதம் அலைந்தோம். புதுப் பெயர் வைக்கிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்: பெயரைப் பிறகு சேர்க்க ஓர் ஆண்டு வரை கட்டணம் இல்லாமலும், 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் வழி இருக்கிறது. ஆனால் தப்பாக ஏறிவிட்ட பெயரைத் திருத்துவது வேறு வேலை. கையால் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, அச்சாகும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு பாய் பெயரைக் கேட்டுவிட்டு மலர்ந்துபோனார். "நாங்க பாங்குன்னு சொல்றோம்ல தம்பி, அதை அரபியில அதான்னு சொல்வாங்க. நல்ல பேரு வச்சிருக்கீங்க" என்றார். இரண்டும் வேறு வேறு சொல் என்று அவருக்கும் தெரியும். அவர் வீட்டுக் காதுக்கும் இந்தப் பெயர் இதமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

பிறந்தநாளுக்கு நாங்கள் அவனை வாழ்த்துவது ஐங்குறுநூற்றின் முதல் பாட்டைச் சொல்லித்தான். ஓரம்போகியார் பாடிய முதல் பத்துப் பாட்டும் ஒரே வாழ்த்தில் தொடங்கும். "வாழி ஆதன், வாழி அவினி! நெற்பல பொலிக! பொன்பெரிது சிறக்க!" அது ஆள்கிற மன்னனுக்கான வாழ்த்து. கதையில் தலைவி மன்னன் வாழவேண்டும், நெல் விளையவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். புருஷன் அவளை விட்டுப் பரத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான். தோழிகளோ அவனும் வாழட்டும், பாணனும் வாழட்டும் என்று வேண்டுகிறார்கள். பிறந்தநாளுக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம், முதல் வரி போதும். கேக் வெட்டும்போது என் அம்மா அதைச் சத்தமாகச் சொல்வார். அவன் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து "வாழி ஆதன்!" என்று கத்துவார்கள்.

இப்போது என் தங்கை மாசமாக இருக்கிறாள். "உன் லிஸ்ட்ல இன்னும் என்னண்ணா இருக்கு?" என்று கேட்டாள். புறநானூறு 71ஐ அனுப்பிவைத்தேன். போருக்குப் போகும் பூதப்பாண்டியன் வஞ்சினம் சொல்கிற பாட்டு அது. பகைவரைப் புறங்காட்டி ஓடவைக்காவிட்டால் கண்போன்ற நண்பர்களின் கூட்டத்தை நான் இழந்து போகட்டும் என்று சொல்லி, அந்த நண்பர்களைப் பெயர் பெயராக அடுக்குகிறான்: மையற் கோமான் மாவன், மன்எயில் ஆந்தை, அந்துவஞ் சாத்தன், ஆதன் அழிசி, வெஞ்சின இயக்கன். எவ்வளவு நல்ல பெயர்கள்! அழிசியில் 'அழி' இருக்கிறது என்று அவள் மாமியார் முதல் பார்வையிலேயே தள்ளிவிட்டார். இயக்கன் தங்கைக்கே பிடிக்கவில்லை. மாவன் மச்சானுக்குப் பிடித்திருக்கிறது, அந்துவன் அவளுக்கு. பெண் பிறந்தால் செள்ளை என்று வையுங்கள், சேரலாதனைப் பாடிப் பொன் வாங்கிய நச்செள்ளையின் பெயர் என்று சொல்லியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னாள்.